சாந்தா கொண்டுவந்த ஆயிரம் வெள்ளி

ஒரு கிலோ கனத்தைத் தாங்க வேண்டும் என்று என் மனைவி பொன்னுத்தாய் அந்தப் பையின் அடியில் மூன்று வரி தையல் ஓட்டியிருந்தாள். நைட்டிக்கு வெட்டியதில் மிஞ்சிய துணி. ஊதா நிறத்தில் வெள்ளைப் பூப் போட்டது. வாயில் நாடா கோத்து, இழுத்தால் சுருங்குகிற மாதிரி தைத்திருந்தாள். அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தங்கை சாந்தாவின் மாமியார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் ஆடிப்பூரத் தேர். தெருவில் மைக் செட்காரர்கள் ஹலோ ஹலோ என்று காது கிழியச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் பால்கோவா அடுப்பிலிருந்து பால் சுண்டுகிற மணம் ஜன்னல் வழியாக வந்தது. சாந்தா முந்தின நாள்தான் சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கியிருந்தாள்.

அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். நான் எழுந்துபோய், கனத்துக்குத் தயாராக இரண்டு கையையும் சேர்த்து நீட்டினேன். அவள் வெளியே எடுத்தது ஒரு காகித உறை. கல்யாண வீட்டில் மொய் வைத்துக் கொடுப்போமே, அந்த அளவு.

"இந்தாண்ணே, நீ கேட்ட ஆயிரம் வெள்ளி" என்றாள்.

உறையில் என்ன இருந்தது என்று சொல்வதற்கு முன்னால், நாங்கள் பையும் கையுமாக அங்கே போய் உட்கார்ந்த காரணத்தைச் சொல்லியாக வேண்டும். போன வாரம் லடாக் பனியில் லாரி சிக்கிய கதையை நான் நான்கு பக்கம் இழுத்தும் பொறுத்துக்கொண்ட வாசகர்கள், இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

தேய்கிற வெள்ளி

பொன்னுத்தாய்க்குப் பேரில்தான் பொன். ஆசை எல்லாம் வெள்ளியின் மேல். அதிலும் நகை வேண்டாம், கட்டி வெள்ளி வேண்டும் என்பாள்.

அதற்கு நியாயமான காரணம் இருந்தது. கல்யாணத்துக்கு அவள் அப்பா கனமான கொலுசு ஒரு ஜோடி போட்டு அனுப்பியிருந்தார். இருபத்தைந்து வருஷத்தில் அதை நான்கு தடவை மாற்றியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் அழுக்குக்கு என்று கொஞ்சம் கழிப்பார், தரம் குறைவு என்று கொஞ்சம் கழிப்பார், புதுசுக்குச் செய்கூலி, சேதாரம் என்று கூட்டுவார். கடைசியாக வாங்கிய கொலுசு அவள் காலில் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து என் வெள்ளி தேஞ்சுக்கிட்டேதான் வருது" என்பாள். "ஒரு கிலோ கட்டி வாங்கிப் பீரோவுல போடணும். யாரும் மாட்டிக்கிடக் கூடாது, யாரும் உருக்கக் கூடாது. தேயாத வெள்ளி ஒண்ணு எனக்குன்னு இருக்கட்டும்."

எங்கள் ராஜபாளையம் வீட்டின் பின்கட்டில் மூன்று தையல் மெஷின் ஓடுகிறது. திங்கட்கிழமை தோறும் தளவாய்புரம் போய் வெட்டிய துணியைக் கட்டாகக் கட்டி வருவாள். நைட்டியாக்கித் திருப்பிக் கொடுப்பாள். அந்த வருமானத்தில் என் பென்ஷன் கலக்காமல் தபால் ஆபீஸில் தனியாகச் சேர்த்தாள். ஆனால் வெள்ளி அவளுக்காகக் காத்திருக்கவில்லை. அவள் ஐம்பதாயிரம் சேர்த்தபோது கிலோ எழுபதாயிரத்துக்கு மேல் போயிருந்தது. அவள் எழுபதாயிரத்தை எட்டிப்பிடித்தபோது அது ஒரு லட்சத்தில் நின்று திரும்பிப் பார்த்தது.

போன வருஷம் ஆவணியில் எங்களுக்குத் திருமண வெள்ளி விழா. "அன்னைக்கு ஒரு கிலோ கட்டி உன் கையில இருக்கும், இது என் பொறுப்பு" என்று நான் வாயைக் கொடுத்துவிட்டேன். என் வாயைப் பற்றித் தெரியாதவர்கள் இந்தத் தொடரின் முதல் அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

கன்றுக்குட்டி போட்ட கொலுசு

வெளியூரில் வெள்ளி வாங்குவதில் எனக்கு முன் அனுபவமும் உண்டு. அதை மறைத்துவிட்டால் பொன்னுத்தாய் இந்தப் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதிவிடுவாள்.

கல்யாணமான புதிது. ராணுவத்தில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். லீவில் ஊருக்கு வரும் வழியில், வடக்கே ஒரு ஸ்டேஷனில் ரயில் செத்த நேரம் நின்றது. ஜன்னலோரம் ஒருவன் கொலுசு விற்றான். எங்கள் ஊர் விலையில் பாதிகூட இல்லை. சர்க்கரை மூட்டையைக் கையால் தூக்கியே கிலோ குறைகிறதா என்று சொல்லிவிடுகிற ஆள் நான். கொலுசைத் தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். பேரம் பேசி இரண்டு ஜோடி வாங்கினேன்.

மூன்று மாதத்தில் அது கறுத்தது. புளி போட்டுத் தேய்த்தால் செம்பு நிறத்தில் சிரித்தது. பொன்னுத்தாய் அதற்கு இரண்டு மணி கோத்து எங்கள் கன்றுக்குட்டியின் கழுத்தில் கட்டிவிட்டாள். மணிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா, "உன் பொண்டாட்டி கொலுசு வருது" என்பார்.

அறுபத்தாறு

அந்த வருஷம் வைகாசியில் ஒரு காலை, சாந்தாவுக்கு போன் போட்டேன். அவள் சிங்கப்பூர் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அங்கே பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை. நாங்கள் பேசுவதெல்லாம் மழை, மாங்காய், யார் வீட்டில் விசேஷம் என்பதுதான். அவளிடம் பணம் காசு பற்றி நான் பேசியதே கிடையாது. கட்டிக் கொடுத்த தங்கையிடம் அதைக் கேட்பது அழகில்லை என்று நினைப்பவன்.

அன்றைக்குப் பேசியதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் பொன்னுத்தாயும் சாட்சி.

"ஏட்டி சாந்தா, அங்க வெள்ளி எம்புட்டுக்குப் போகுது?"

"வெள்ளியா? இன்னைக்கு அறுபத்தாறு ரூவாண்ணே. போன மாசத்துக்கு ஒரு ரூவா ஏறியிருக்கு."

பொன்னுத்தாய் மெஷினை நிறுத்திவிட்டு வந்தாள். இங்கே அன்றைக்குக் கிராம் நூறு ரூபாய்.

"அப்ப ஆயிரம் வாங்கணும்னா?"

"அறுபத்தாறாயிரம். யாருக்குண்ணே, உனக்கா? வெள்ளி விழா வருதுல்ல!" அவள் குரலில் திடீரென்று அப்படி ஒரு குதூகலம்.

"அதுக்குத்தான். ஒண்ணா ஆயிரமாக் கிடைக்குமா?"

"முந்தி இருந்துச்சு. இப்ப ஆயிரம் அடிக்கிறதை நிப்பாட்டிட்டாங்கண்ணே. நூறு நூறா வாங்கிக்கிடலாம். அம்பது வேணும்னாலும் இருக்கு."

நான் போனை மறைத்துக்கொண்டு பொன்னுத்தாயைப் பார்த்தேன். "பத்து கட்டியா வந்தா என்ன, கட்டி கட்டிதான்" என்று அவள் கிசுகிசுத்தாள்.

"ஆடிப்பூரத்துக்கு வரும்போது நீயே கொண்டாந்துருவியா? ஏர்போர்ட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"

"ஆயிரம் வெள்ளிக்கு யாருண்ணே கேக்கப் போறா? கைப்பையில வச்சுக் கொண்டாறேன்."

"கனமா இருக்காதா?"

"என்ன கனம்ண்ணே!" என்று அவள் சிரித்த சிரிப்பில், கேன்டீனில் அண்டா தூக்கித் தூக்கி என் தங்கைக்கு நல்ல பலம் வந்துவிட்டது என்று பெருமைப்பட்டேன். "பொறவு, மதினிட்ட சொல்லு, நான் இப்பவே அம்புட்டு ஏற்பாடும் பண்ண ஆரம்பிச்சுட்டேன்னு" என்று வைத்துவிட்டாள். என்ன ஏற்பாடு என்று கேட்கத் தோன்றவில்லை.

பொன்னுத்தாய் தபால் ஆபீஸ் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். எழுபதாயிரம் இருந்தது. அறுபத்தாறு போக நாலாயிரம் மிச்சம். அன்றைக்கு மத்தியானம் பருப்பு வடையோடு சாப்பாடு போட்டாள்.

உலகம் பூராவும் ஒரே விலை

நல்ல சேதியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருக்க என்னால் முடியாது. மாலையில் கடைத்தெருவுக்குப் போனேன். பொன்னுத்தாய் வழக்கமாகக் கொலுசு மாற்றுகிற கடை முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். வீட்டில் தெலுங்கு, கல்லாவில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் இல்லாமல் ஒரு மௌனம்.

"சிங்கப்பூர்ல கிராம் அறுபத்தாறு. நீங்க நூறு போடுறீங்க. இது நியாயமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். கடையில் நாலைந்து பேர் இருந்ததால் கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சார், வெள்ளிக்கு உலகம் பூராவும் ஒரே வெலைதான். வரியும் கூலியும்தான் ஊருக்கு ஊர் மாறும். பத்து ரூவா வித்தியாசம்னா நான் நம்புவேன். மூணுல ஒரு பங்கு குறையுதுன்னா எங்கேயோ இடிக்குது. கையில காசு இருந்தா இன்னைக்கே வாங்கிப் போடுங்க, வெலை ஏறுமுகமா இருக்கு."

"விக்கிறவர் அப்படித்தானே சொல்லுவார்!" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

அதோடு விட்டேனா? எங்கள் தெருவில் டீக்கடை வரைக்கும் சொல்லி முடித்தேன். அடுத்த வருஷம் சாந்தா வரும்போது ஆளுக்கு இவ்வளவு என்று நான்கு பேர் ஆர்டர் கொடுத்தார்கள். எதிர்வீட்டு ரிட்டயர்டு ஏட்டையா, "வெளிநாட்டுல ஆள் இருந்தா அந்த யோகமே தனி" என்று பெருமூச்சு விட்டார். நானும் தாராளமாக அவருக்கு அரைக் கிலோ ஒதுக்கினேன்.

ஆனி பிறந்தது. அண்ணாச்சி கடைப் பலகையில் கிராம் நூற்றைந்து, நூற்றெட்டு என்று ஏறிக்கொண்டே போனது. பொன்னுத்தாய் ஒரு தடவை, "பேசாம இங்கயே எழுநூறு கிராமா வாங்கிப் போட்டுருவோமா?" என்று கேட்டாள். நான் சீறி விழுந்தேன். "ஒரு கிலோ கையில வரப்போகுது, எழுநூறு கிராம்ங்குற? ராணுவத்துல கோடிக்கணக்குல ஸ்டோர் பார்த்தவன்டி நான்" என்றேன். அவள் பை தைக்கப் போய்விட்டாள்.

உறைக்குள் இருந்தது

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கூடத்துக்குத் திரும்புவோம். நான் உறையைப் பிரித்தேன். வழவழவென்று பத்து நோட்டுகள். எல்லாம் நூறு நூறு.

"என்னட்டி இது?"

"ஆயிரம் வெள்ளிண்ணே. எண்ணிப் பாரு."

"வெள்ளி எங்க?"

"கையிலதானே வச்சிருக்க!"

நான் நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பொன்னுத்தாய்தான் முதலில் புரிந்துகொண்டாள். "சாந்தா, உங்க ஊர்ல டாலரை என்னன்னு சொல்லுவீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வெள்ளின்னுதான் மதினி. அங்க தமிழாளுக அம்புட்டுப் பேரும் அப்படித்தான் சொல்லுவோம். காப்பி ரெண்டு வெள்ளி, பஸ்ஸு ஒரு வெள்ளி..." சொல்லிக்கொண்டே வந்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். பிறகு மடியில் விரிந்திருந்த பூப்போட்ட பையைப் பார்த்தாள். "ஐயையோ! நீங்க வெள்ளின்னா வெள்ளியவா கேட்டீங்க?"

ஒரு வெள்ளி அறுபத்தாறு ரூபாய். ஆயிரம் வெள்ளி அறுபத்தாறாயிரம். கணக்கில் ஒரு பைசா தப்பு இல்லை. அதுதான் என்னைக் கவிழ்த்தது.

"அப்ப எனக்கு எதுக்கு டாலர்னு நினைச்ச?" என்று கத்தினேன்.

"வெள்ளி விழாவுக்கு நீங்க ரெண்டு பேரும் சிங்கப்பூர் வாரீங்கன்னு நினைச்சேன்!" என்றாள் சாந்தா. அவள் கண் கலங்கிவிட்டது. "இருபது வருசமாக் கூப்பிடுறேன். இப்பத்தான் மனசு வந்துருக்குன்னு உள்ள அறைக்குக் கட்டில் வாங்கிப் போட்டுட்டேன். புளோக்குல அம்புட்டுப் பேருட்டயும் எங்கண்ணன் வாராருன்னு சொல்லிட்டேன்."

நான் எங்கள் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் அவளுடைய அடுக்குமாடியெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். ஒரே ரத்தம் வேறு எப்படி இருக்கும்!

பொன்னுத்தாய் உறையை என் கையிலிருந்து வாங்கி, அந்தப் பைக்குள் போட்டாள். நாடாவை இழுத்துச் சுருக்கினாள். சுண்டு விரலால் தூக்கி ஆட்டிப் பார்த்தாள். அந்த மூன்று வரி தையலுக்கு அது கனமே இல்லை. அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று நான் பதறி எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சாந்தாவும் சிரித்தாள். சத்தம் கேட்டு உள்ளிருந்து வந்த சாந்தாவின் மாமியார், விஷயமே தெரியாமல் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிறகு நானும் சிரித்தேன்.

பால்கோவாத் தாளில் போட்ட கணக்கு

சிரித்து முடித்ததும், உண்மையிலேயே அங்கே வெள்ளி என்ன விலை என்று சாந்தாவின் போனில் தேடினோம். பால்கோவா சுற்றி வந்த தாளின் பின்புறம் நான் கணக்குப் போட்டேன்.

கிராம் வெள்ளி ஒன்றரை வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். நம் பணத்தில் நூற்றுச் சொச்சம். அது சந்தை விலை. கட்டியாக வாங்கினால் கடைக்காரர் தன் கூலியை மேலே வைக்கிறார். அதைக் கொண்டுவந்து இறங்கினால், கட்டி வெள்ளியைக் காட்டி நம் ஆட்களிடம் சுங்கம் கட்ட வேண்டும். எல்லாம் கூட்டிப் பார்த்தால் ராஜபாளையத்துக் கடைத்தெரு விலையே வந்து நின்றது. ஒன்றிரண்டு ரூபாய் அந்தப் பக்கம் போகலாம், இந்தப் பக்கம் வரலாம். அண்ணாச்சி சொன்ன கணக்கு அப்படியே.

"நீங்க வைகாசியில வாயை மூடிக்கிட்டு வாங்கியிருந்தா எனக்கு எழுநூறு கிராம் கிடைச்சிருக்கும்" என்றாள் பொன்னுத்தாய். "இன்னைக்கு வெலைக்கு அறுநூறுதான் தேறும். நூறு கிராமை உங்க வாய் தின்னுருச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. அந்த நூறு கிராம் எத்தனை நைட்டி என்று எனக்குத் தெரியும். பென்ஷன்காரனுக்கு மாதம் பிறந்தால் பணம் வருகிறது. அவளுக்கு ஒவ்வொரு ரூபாயும் பெடலில் கால் வைத்தால்தான் வரும். கடைக்காரர் நான்கு தடவை தேய்த்த அவள் வெள்ளியை, ஐந்தாவது தடவையாக நானும் தேய்த்துவிட்டேன். மறுநாள் தேர் இழுக்கும் கூட்டத்தில் வடத்தைத் தொட்டுக்கொண்டு நின்றபோதும் அந்த எண்ணம்தான்.

டாலர் உறையை சாந்தா திரும்ப வாங்கிக்கொண்டாள். "இது மதினி பேருக்குத்தான். கட்டில் காத்துக்கிட்டு இருக்கு. வந்து வாங்கிக்கிடுங்க" என்றாள். "வாரேன், முதல்ல கட்டி, பொறவு கட்டில்" என்றாள் பொன்னுத்தாய்.

தேயாத அரைக் கிலோ

அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணாச்சி கடைக்குப் போனோம். எனக்கு உள்ளே நுழையக் கால் வரவில்லை. பொன்னுத்தாய் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். போனதும் நடந்த கதை முழுவதையும் அவளே அவிழ்த்துவிட்டாள். நான் மறைக்க நினைத்த இடத்தையெல்லாம் நடித்தே காட்டினாள். அண்ணாச்சி கல்லாவில் கை வைத்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். "அவியளுக்கு ஒரு காப்பி சொல்லு" என்று பையனை விரட்டினார். "சார், அந்தப் பத்து நோட்டையும் உருக்கிப் பார்த்தீங்களா?" என்று என்னைக் கேட்டார். கேட்கட்டும். அவருக்கு அந்த உரிமை உண்டு.

அரைக் கிலோக் கட்டி ஒன்று எடுத்தோம். மீதிப் பணத்தை ஒரு மெஷினுக்கு மோட்டார் வைக்க அவள் நிறுத்திக்கொண்டாள். அண்ணாச்சி கட்டியை அவள் உள்ளங்கையில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு செத்த நேரம் அப்படியே நின்றாள். கொலுசு வாங்கிய எந்த நாளிலும் நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. பிறகு பூப்போட்ட பைக்குள் போட்டு நாடாவைச் சுருக்கினாள். இப்போது பை தொங்கியது.

"இது பன்னெண்டரை வருசத்துக்கு" என்றாள் வெளியே வந்ததும். "மீதிப் பன்னெண்டரை வருசத்துக்கு நீங்கதான் கடன்."

அதற்குப் பிறகு வெள்ளி விலை எங்கே போனது என்பது உங்களுக்கே தெரியும். அன்றைக்கு ஒரு கிலோவுக்கு என்ன விலையோ, அதைவிட அதிகம் இன்றைக்கு இந்த அரைக் கிலோவுக்கு. ஏட்டையா இப்போதெல்லாம் பொன்னுத்தாயிடம்தான் யோசனை கேட்கிறார். அவளுக்கு அதில் பெருமைதான். ஆனாலும் அரைக் கிலோ அரைக் கிலோதான் என்பதை அவள் மறக்கவில்லை. பாக்கியை அடைக்க என் பென்ஷனையும் தொடவிடவில்லை. "அது குடும்பத்துக்கு. உங்க வாய் தின்னதை உங்க வாயே கக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

இந்தத் தொடரை நான் எழுத ஒப்புக்கொண்டதற்கு இலக்கிய ஆர்வம்தான் காரணம் என்று ஆசிரியர் இதுவரை நம்பிக்கொண்டிருந்தார். இப்போது உண்மை தெரிந்துவிட்டது. பத்திரிகை கடைக்கு வருகிற அதே வெள்ளிக்கிழமை, போன வாரத்துச் சன்மானத்தை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போகிறேன். லடாக் லாரி மூன்று கிராம் தேறியது.

இந்த அத்தியாயத்தை எழுதி முடித்ததும் பின்கட்டுக்குப் போய்ப் பொன்னுத்தாய்க்கு வாசித்துக் காட்டினேன். மோட்டார் வைத்த மெஷினை நிறுத்திவிட்டுக் கடைசி வரைக்கும் கேட்டாள். ரயிலடிக் கொலுசு வந்த இடத்தில் சிரித்தாள்.

"இது எம்புட்டுக் கிராம்?"

"இன்னைக்கு வெலைக்கு மூணுகூட வராது" என்றேன்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இன்னும் நானூத்தித் தொண்ணூறு கிராம் பாக்கி இருக்கு. அம்புட்டுத் தப்பு பண்ணியிருக்கீங்கள்ல, ஒவ்வொண்ணா எழுதுங்க."